இலையில்லாப் பூவுக்கு ஒரு வேலி

காட்டுக் காவல் வேலைக்கு வந்தால் மரங்களை அண்ணாந்து பார்த்தே காலம் தள்ளலாம் என்று நம்பி ஏமாந்த சக வாட்சர்களே, இது நம் காலடியைப் பற்றிய கதை.

தேனீ கேட்ட கேள்வி

சித்தேரி மலையில் எனக்கு வேலை. ஐப்பசி மழை விட்ட ஒரு காலை, பெரிய நாவல் மரத்தடியில் சருகை முட்டிக்கொண்டு ஏழெட்டுச் சிவப்பு உருண்டைகள் நின்றன. கோழிமுட்டை அளவு. இலை இல்லை, பொட்டுப் பச்சை கூட இல்லை. காளான் என்று நோட்டில் எழுதிவிட்டேன். காணாமல்போன ஆட்டைத் தேடி வந்த ராணி அக்கா குனிந்து பார்த்தார்.

"காளானுக்கு எதுக்குங்க இத்தன தேனீ வருது?"

லென்ஸ் வழியே

நியாயமான கேள்வி. படம் எடுத்து, தர்மபுரியில் தாவரவியல் நடத்தும் மேடம் ஒருவருக்கு அனுப்பினேன். மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டார். சேற்றில் மண்டியிட்டுப் பார்த்தவர், லென்ஸை என்னிடம் நீட்டினார். உருண்டை முழுக்கப் பூ! கடுகைவிடச் சின்னதாக, எண்ணி மாளாத பூக்கள். இலையே இல்லாமல் இது எதைத் தின்று வாழ்கிறது என்று கேட்டேன்.

"நாவமரம் சமைக்குதுங்க, இது வேர்ல உக்காந்து சாப்பிடுது. நான் வேற எங்கயும் இத பாத்ததில்ல. வெத புடிக்கிற வரைக்கும் பத்திரமா பாத்துக்கங்க."

எங்கள் பாதுகாப்பு

பத்திரம் என்றால் நமக்குத் தெரிந்தது வேலி ஒன்றுதானே? நானும் என்னோடு வேலை பார்க்கும் மாதப்பனும் கடப்பாரையால் சுற்றிலும் குழி தோண்டி, கம்பம் நட்டு, முள் கட்டினோம். குறுக்கே வந்த வேர்களை வெட்டி எறிந்தோம். ஆடு, பன்றி எதுவும் அண்டவில்லை. ஒரே வாரத்தில் அத்தனை உருண்டைகளும் கறுத்துச் சுருங்கிவிட்டன.

விதை எடுக்கக் காகித உறையோடு வந்த மேடம், வெட்டிக் கிடந்த வேரைக் கையில் எடுத்துப் பார்த்தார். காலி உறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாதப்பன்தான் வாயைத் திறந்தான்.

"சோத்துக்குக் காவல் இருக்கச் சொன்னாங்க, நாம அடுப்பையே இடிச்சுட்டோம்."

மறுபக்கம்

ஒரு வருடம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு உறுத்தியது. இந்த ஐப்பசியில் ராணி அக்காதான் கூப்பிட்டுக் காட்டினார். அதே மரம், நாங்கள் தோண்டாத பக்கம், மூன்று சிவப்பு உருண்டைகள்! பழக்க தோஷம், என் கண் முள் எங்கே என்று தேடியது. அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"சும்மா உடுங்க வாட்சரு, உங்களுக்குப் பயந்துதான் அது இந்தப் பக்கம் வந்திருக்குது."

விதை பிடிக்கும்வரை அந்தப் பூவுக்கு நான் கொடுக்கும் உச்சபட்சப் பாதுகாப்பு, கடப்பாரையை வீட்டில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான்.