நடக்கவிடாமல் வாங்கிய நாய்

கோவர்த்தனன் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சிநேகிதி சுலோசனாவின் கணவருக்கு அண்ணன். வடமாலபேட்டைப் பக்கம் யார் மாடு வாங்கப் போனாலும் அந்த மனுஷனைத்தான் கூட்டிப்போவார்கள். மாட்டை நடத்திப் பார்க்காமல் கயிற்றைத் தொடமாட்டார்.

சுலோசனாவின் கணவர் மோகன்ராஜ் குவைத்துக்கு வண்டி ஓட்டப் போய்விட்டார். ஊரில் பாதிப் பேர் அப்படிக் கிளம்பிய காலம் அது. கரும்பு, கடலை, மோட்டார் எல்லாம் அவள் தலையில். கழனி வீட்டில் தனியாக இருந்தாள். மோட்டாரின் செம்புக் கம்பியைத் திருடும் கூட்டம் இரண்டு தடவை வந்தது. அவள் கையிலிருந்த அரிவாளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகுதான் விரட்டி ஓடக்கூடிய ஜாதி நாய் ஒன்று பார்த்துத் தரும்படி கோவர்த்தனனிடம் கேட்டாள்.

சித்தூர் போய் ஓர் அல்சேஷனைக் காரில் கொண்டுவந்தார். ஒரு வயது, விறைத்த காது, உட்கார்ந்திருந்தால் சிங்கம்தான். இறக்கி நடக்கவிட்டதும் வண்டவாளம் தெரிந்தது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசின. இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. நாலடி போய் உட்கார்ந்துவிட்டது.

"நடக்க வச்சிப் பாத்தீங்களா மாமா?"

"சுழி பாத்தேன், பல்லு பாத்தேன். சீமை ஜாதி அப்படித்தாம்மா நடக்கும். நாயை என்னா ஏர்லயா பூட்டப் போற?"

சுலோசனா போட்ட சத்தத்தில் பாவம், நாய்தான் நடுங்கியது. மறுநாள் காலையிலேயே அவரையும் நாயையும் அதே காரில் ஏற்றினாள். என்னையும் இழுத்துக்கொண்டாள்.

விற்றவர் தகராறு செய்யவில்லை. மாற்றித் தருவதாகச் சொல்லி, இருந்த நாய்களை வெளியே கொண்டுவந்தார்.

"உங்க ஏருக்கு மாடு புடிக்கிறதா நெனச்சிக்கினு பாருங்க மாமா" என்றாள் சுலோசனா.

கோவர்த்தனன் ஒவ்வொன்றையும் நடக்கவிட்டார். பின்னால் நின்று பார்த்தார், பக்கவாட்டில் வந்து பார்த்தார், ஓட்டச் சொன்னார். கடைசியில் காது மடிந்த ஒரு பெட்டையைக் காட்டினார்.

"இத்தப் புடி. முதுகு ஆடல. பின்னங்கால் கோணாம, முன்னங்கால் வச்ச தடத்துலயே வந்து வுழுது பாரு. நாள் முச்சூடும் ஓடும்."

முகத்தில் பெருமை வேறு! சுலோசனாவின் முகம் கறுத்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியலன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மாமா. தெரிஞ்சிருக்குது. மாட்டுக்குப் பாக்கறத எனக்குப் பாக்கல, அவ்ளோதான்."

அவள் பெட்டையைப் பிடித்துக்கொண்டு சாலைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"நாயை பஸ்ல ஏத்தமாட்டாங்கம்மா! கார்ல ஏறு!" என்று கோவர்த்தனன் கத்தினார்.

சுலோசனா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏத்தலன்னா நடந்து வரோம். இது நடக்கும்."