பெரியம்மாவின் நாலாவது தட்டு

உலகத்தில் இதுவரை வெட்டுப்பட்ட ஆடுகளெல்லாம் எழுந்து வந்து வரிசையில் நின்று சாட்சி சொன்னாலும், கறியைப் பற்றிப் பெரியம்மாவுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட அவற்றுக்குத் தெரியாது. ஆட்டுக்குத் தன் தொடை எங்கே முடிகிறது என்று தெரியுமா? பெரியம்மாவுக்குத் தெரியும். சிங்கம், புலி, கசாப்புக்கடைக்காரர் மூவரும் சேர்ந்து வந்தாலும் அவள் முன்னால் கைகட்டி நின்றுதான் பாடம் கேட்க வேண்டும்.

இதில் சின்னதாக ஒரே ஒரு குறை. ஐம்பத்தொரு வருடத்தில் பெரியம்மா கறியை வாயில் வைத்ததே இல்லை.

பிறந்த வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. புகுந்த வீட்டிலும் கிடையாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு கிடைத்த வேலைதான் மாணவர் விடுதிச் சமையல். முந்நூறு பையன்கள், வாரத்தில் மூன்று நாள் கறி. பத்தொன்பது வருடம் கிண்டினாள். உப்பு பார்க்கப் பாத்திரம் கழுவும் அக்காவைக் கூப்பிடுவாள். வெந்ததா இல்லையா என்று பார்க்க மட்டும் அவளிடம் சொந்தமாக ஒரு வித்தை இருந்தது. பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பையன்களின் தாடையைப் பார்ப்பாள். மூன்றாவது மெல்லில் தாடை ஒரு நொடி தயங்கினால் கறி சரியாக வெந்திருக்கிறது என்று அர்த்தம். தயங்காமல் ஓடினால் குழைந்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டால் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டியதுதான். முந்நூறு தாடையைப் பத்தொன்பது வருடத்தால் பெருக்கினால் என்ன வரும் என்று தெரியவில்லை, ஆனால் பெரிய எண்ணாகத்தான் வரும். இப்படிக் கண்ணாலேயே மென்று பழகியவள் பெரியம்மா.

அந்த முந்நூறில் ஒருவன் வளர்ந்து, பட்டாணியிலிருந்து கறி செய்யும் தொழிற்சாலைக்கு மேனேஜர் ஆனான். நேராக விடுதிக்கு வந்தான்.

"அக்கா, நம்ம சரக்கு கறி மாதிரி இருக்கா இல்லையான்னு சொல்ல ஒரு நாக்கு வேணும். உங்களுக்குத் தெரியாத கறியா?"

பெரியம்மா இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாலு வருடமாக அவளைத் துரத்திக்கொண்டே இருக்கிறது.

தொழிற்சாலையில் நிஜக் கறிக்கு 'ஆடு' என்று பெயர். அவர்கள் செய்வதற்கு 'பட்டாணி' என்று பெயர். பட்டாணியை மட்டும்தான் பெரியம்மா சாப்பிட வேண்டும், அதில் பாவமில்லை. பரிசோதனை அறைப் பெண்களை முதலில் மெல்லச் சொல்லி, அவர்கள் தாடையைப் பார்த்துவிட்டு, "இழை போதலை" என்பாள். "ஆடு இப்படியா அறுபடும்? இது பஞ்சு" என்பாள். ஆட்டைத் தின்றே வளர்ந்தவள் போல அப்படி ஒரு அலட்சியம். அந்தப் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு குறித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தால் பெரியம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். எவளாவது ஒருத்தி, "நீங்க கடைசியா ஆடு சாப்பிட்டது எப்பக்கா?" என்று சும்மா கேட்டாலே போதும், கதை கந்தல்.

கேட்டது எவளும் இல்லை. மேனேஜரே வினையைக் கொண்டுவந்து வைத்தான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை பெரிய கடைக்காரங்க வர்றாங்க. அஞ்சு தட்டு வெப்போம். எது ஆடு எது பட்டாணின்னு யாருக்கும் சொல்ல மாட்டோம், எத்தனை ஆடுன்னும் சொல்ல மாட்டோம். நீங்க சாப்பிட்டுச் சொல்லணும். இருபது வருஷக் கறி நாக்குன்னு உங்களப் பத்திதான் சொல்லி வெச்சிருக்கேன்."

அன்று சாயங்காலம் பெரியம்மா தங்கை வீட்டுக்கு வந்தாள். அங்கே கறி, மீன் எல்லாம் சாப்பிடுவார்கள். கட்டிக்கொண்ட மனிதர் வழியாக வந்த பழக்கம். பெரியம்மாவுக்கென்று அங்கே தனியாக ஒரு டம்ளர், தனியாக ஒரு தட்டு. யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

"ஒரு துண்டுதானே. தின்னா செத்தா போயிடுவ?" என்றாள் தங்கை, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"செத்தாக்கூடப் பரவால்லடி. ஒண்ணும் ஆகாமப் போயிட்டா?"

"ஒண்ணும் ஆகலைன்னா நல்லதுதானே."

"பிடிச்சுப் போயிட்டா?"

தங்கை உரிப்பதை நிறுத்தினாள். பெரியம்மா ஏதோ தப்பு செய்து பிடிபட்டவள் போல டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு மாறிச்சு, ஊர் மாறிச்சு, அவரு போயிட்டாரு. தலைமுடிகூட என்னுது இல்ல இப்ப, பாதி சவுரி. பொறந்ததுலேர்ந்து அப்படியே இருக்கறது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா உள்ள யாருடி இருக்கா?"

"அப்ப வேலைய விடு."

"விட்டுட்டு உன் வீட்டுக்கு வந்து உன் வெங்காயத்த உரிக்கவா?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்றாள்.

வெள்ளிக்கிழமை பெரியம்மா மேலங்கியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பெண் சொன்ன பிறகுதான் கழற்றி மாற்றினாள். மூன்று முறை கை கழுவினாள். அறைக்குள் ஒரு நீள மேசை, அதில் ஐந்து வெள்ளைத் தட்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு எண். விடை எழுதிய தாள் ஒட்டிய உறைக்குள் இருந்தது. அந்தப் பக்கம் கடைக்காரர்கள் இரண்டு பேர். ஒரு அம்மாள், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் இருமிக்கொண்டே இருந்த ஒரு பெரியவர்.

பெரியம்மா ஒரு திட்டத்தோடுதான் வந்திருந்தாள். "முதல்ல மோந்து பாக்கணும். அதுதான் முறை" என்றாள். அப்படி ஒரு முறை எங்கேயும் கிடையாது. ஆனால் அவள் சொன்ன தோரணையில் பெரியவர் இருமலை அடக்கிக்கொண்டார்.

ஒன்றாவது தட்டு. ஓரத்தில் கொழுப்பு ஆறி வெள்ளையாகப் படிந்திருந்தது. "ஆடு." இரண்டாவது தட்டில் எண்ணெய் எண்ணெயாகவே நின்றது. "பட்டாணி." மூன்றாவதில் கரண்டியால் லேசாக அழுத்தினாள், அந்த விடுதி வாசனை குப்பென்று எழுந்தது. "ஆடு." நாலாவதைத் தாண்டி ஐந்தாவதற்குப் போனாள். "பட்டாணி." பத்தொன்பது வருட அடுப்பு வீண் போகவில்லை. எதையும் வாயில் வைக்காமலே நாலு தட்டு முடிந்துவிட்டது.

சங்கிலி அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "நாலாவதை விட்டுட்டீங்களே."

பெரியம்மா குனிந்து முகர்ந்தாள். மிளகு. கரண்டியால் அழுத்தினாள். இழை பிரிந்தது, ஆனால் எந்தக் கதையும் சொல்லவில்லை. ஓரத்தில் படிந்தது கொழுப்பா, மசாலாவா? அவளுக்குத் தெரியவில்லை.

"தெரியலைன்னா சாப்பிட்டுப் பாருங்க. அதுக்குத்தானே வந்தோம்" என்றார் அந்த அம்மாள். மரியாதையாகத்தான் சொன்னார். பெரியம்மா காதில் அது போலீஸ்காரர் கதவைத் தட்டுவது போலக் கேட்டது.

மேனேஜர் அவளையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நின்றான். விடுதியில் இரண்டாவது கரண்டி கேட்டு நிற்கும்போது இருந்த அதே முகம். அவன் முன்னால் உண்மையைச் சொல்வதைவிட ஜன்னல் வழியாகக் குதிப்பது சுலபம். ஜன்னலுக்குக் கம்பி இருந்தது.

கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "ஐயா, நீங்க ஒரு துண்டு எடுத்துக்கங்க. நீங்க முதல்ல. அதுதான் முறை."

பெரியவர் சந்தோஷமாக எடுத்து வாயில் போட்டார். பெரியம்மா தாடையைப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. தயங்கவே இல்லை, பக்கவாட்டில் சரசரவென்று ஓடியது. பட்டாணி! குழையாத ஆடு இப்படி ஓடாது. பெரியம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. ஒரு துண்டை விரலில் எடுத்தாள்.

அப்போது பெரியவர் கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, கழன்றிருந்த பல்செட்டை அழுத்தி உட்கார வைத்தார்.

பெரியம்மாவின் கை பாதி வழியில் நின்றது. முந்நூறு பையன்களில் ஒருவனுக்குக்கூடப் பொய்ப்பல் இருந்ததில்லை. பொய்ப்பல்லின் தாடை என்ன சொல்லும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அது ஆட்டைத் தின்றாலும் அப்படித்தான் ஓடுமோ என்னவோ.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டு விரலில் இருந்தது. கீழே வைத்தால் நாலு வருடப் பொய்யும் சேர்ந்து மேசைமேல் விழும்.

கண்ணைத் திறந்தபடியே வாயில் போட்டாள். மூடினால் சந்தேகம் வரும்.

உப்பு. மிளகு. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை, அல்லது அவளுக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒன்று இருந்தது. மென்றாள். தன் தாடை மூன்றாவது மெல்லில் தயங்கியதா என்று பார்க்க நினைத்தாள். பயத்தில் எண்ணிக்கை விட்டுப்போனது. விழுங்கினாள்.

"இது எனக்குத் தெரியல" என்றாள். நாலு வருடத்தில் அந்தத் தொழிற்சாலையில் அவள் சொன்ன முதல் உண்மை அதுதான்.

சங்கிலி அம்மாள் எதையோ எழுதிக்கொண்டு, "போதும், நன்றி" என்றார். பெரியம்மா நடந்தே வெளியே போனாள். ஓடவில்லை. கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்து பதினோரு முறை வாய் கொப்பளித்தாள். கண்ணாடியில் பார்த்தால் அதே மூக்கு, அதே பொட்டு. யாரும் மாறியது போலத் தெரியவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மேனேஜர் தாளோடு பின்னாலேயே வந்தான். பெரியம்மா ஈரக் கையோடு வாங்கிப் பார்த்தாள். நாலு: பட்டாணி. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுத் தூங்கினாள். ஐம்பத்தொரு வருடமும் அப்படியே பத்திரமாக இருந்தது.

இது வரைக்கும் தங்கை மகள் எழுதிய காகிதங்கள் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். சவுரியைப் பற்றி எழுதியதற்குத் தங்கை மகளின் காதைப் பிடித்துத் திருகினாள். பல்செட் வந்த இடத்தில் சிரித்தாள். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டி, மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எல்லாம் சரியாத்தான்டி எழுதியிருக்க. அவன் தாளோட வந்தான், அதுவும் சரி. ஆனா நான் கண்ண மூடிக்கிட்டு வேணாம்னுட்டேனே. இன்னிக்கு வரைக்கும் அதப் பாக்கலையே நானு." கண்ணாடியைக் கழற்றித் தங்கை மகளை நேராகப் பார்த்தாள். "நாலு பட்டாணின்னு உனக்கு யாரு சொன்னா?"