ஒடியாமல் பிடுங்கியவள்

ஈர மண்ணிலிருந்து அப்போதுதான் பிடுங்கிய கேரட் தழைக்கு ஒரு பச்சை நெடி உண்டு. ஏழாம் வகுப்பு முழுக்க எங்கள் பாடப்புத்தகங்களில் அந்த நெடிதான் அடித்தது. கிளாவரைப் பக்கம் எங்கள் மலைக்கிராமத்துப் பள்ளியின் கணக்கு வாத்தியார், ஆசிரியர் பயிற்சிக்குப் போய், "படிப்ப நாலு செவத்துக்குள்ள அடைக்கக் கூடாது" என்று கேட்டுவந்த கையோடு, தான் குத்தகைக்கு எடுத்திருந்த கேரட் தோட்டத்துக்கு எங்களை ஓட்டிப்போனார். வரிசையை எண்ணினால் பெருக்கல், மூட்டை கட்டினால் எடைக் கணக்கு. நாங்கள் கற்றது கொஞ்சம்தான். கூலி கொடுக்காமல் ஒரு தோட்டத்தை அறுவடை செய்வது எப்படி என்று அவர்தான் நன்றாகக் கற்றுக்கொண்டார்.

"ஏலே, வெரசாக் குனி! சீனரி பாக்கவா வந்த?" என்பார்.

என் பக்கத்து வரிசை அமலிக்கு. எட்டாவது முடித்ததும் கொடைக்கானல் "ஆஸ்டலில்" சேர்ந்து, பிறகு நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்று கிடந்தவள். தழையைக் கொத்தாகப் பிடித்து லேசாக ஒரு திருகு, ஒரே இழுப்பு, கிழங்கு முழுசாக வந்துவிடும். கை அப்படி ஓடும்போதே எனக்குப் பின்னக் கணக்கும் சொல்லித்தருவாள். நான் இழுத்தாலோ தழை மட்டும்தான் கையோடு வரும்.

ஒருநாள் நான் ஒடித்தவற்றையெல்லாம் அள்ளி என் மேலேயே எறிந்தார் வாத்தியார். "ஒனக்கு இந்தச் சோலி ஆகாது. போ, போய்ப் படிச்சுத் தொலை."

நான் வகுப்புக்கு விரட்டப்பட்டேன். அமலியோ அறிவியல் நேரத்திலும் ஆங்கில நேரத்திலும் தோட்டத்திலேயே நிறுத்தப்பட்டாள். ஆண்டு முடிவில் அவள் அப்பாவைக் கூப்பிட்டு, அவள் காதுபடவே சொன்னார்: "பிள்ளைக்குக் கை நல்லா ஓடுதுங்க. மண்டதான் ஓடல. இன்னும் படிக்க வச்சு, ஆஸ்டலுக்கு அனுப்பி என்ன செய்யப் போறீங்க?" வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த மனிதர் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த ஜூனில் எட்டாம் வகுப்பில் அமலி இல்லை.

இன்று அந்தத் தோட்டமும் இல்லை. அங்கே சுற்றுலாக்காரர்களுக்கான "காட்டேஜ்கள்" நிற்கின்றன. முப்பதை நெருங்கும் வயதில் நான் இப்போதுதான் பி.எட். படிக்கிறேன். போன வாரம் கொடைக்கானல் ஏரிச் சாலையோரம் அமலியைப் பார்த்தேன், கேரட் கட்டு விற்றுக்கொண்டிருந்தாள்.

"டீச்சருக்காடி படிக்கிற? நீ ஒடிச்ச ஒடிக்கு வேற எந்த வேலதான் கெடைக்கும்!" என்று சிரித்தாள்.

பக்கத்தில் அவள் மகள், பள்ளிச் சீருடையில், அம்மாவைப் பார்த்துப் பார்த்துத் தானும் நாலு கேரட்டைச் சேர்த்து, நாரைச் சுற்றி, ஒரு கட்டுப் போட்டு என்னிடம் நீட்டினாள். அழகான கட்டு. அமலி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிள்ளையின் விரல்களில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"ஒனக்கு இதெல்லாம் வராது. வரவே கூடாது."