தாலிக்கு முன் விழுந்த அட்சதை

தாலி ஏறுவதற்கு முன்பே அட்சதை விழுந்த கல்யாணம் எங்கள் அத்தையுடையது. மரக்காணத்தில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு.

எல்லாம் என் சித்தப்பாவால் வந்தது. ஆரோவில்லுக்கு எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் போய், சாக்ஸபோனும் கையுமாகத் திரும்பியவர் அவர். அங்கேயே மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஜாஸ் வாசித்தார். எழுதிவைத்த மெட்டெல்லாம் கிடையாது. அந்த நேரத்தில் தோன்றுவதை நால்வரும் சேர்ந்து வாசிப்பார்கள். தொடங்கினால் முக்கால் மணி நேரம் ஓடும். தாத்தா அதில் கால்வாசிகூடக் கேட்டதில்லை. "உப்பு பாத்துட்டு வந்துர்றேன்" என்று எழுந்துவிடுவார். மழையில் உப்பளம் முழுகிக் கிடந்த கார்த்திகையிலும் உப்பு பார்க்கத்தான் போனார். தன் அப்பா ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க வேண்டும் என்று சித்தப்பாவுக்குத் தீராத ஏக்கம்.

அதனால் பாட்டைச் சுருக்கினார். ஒவ்வொன்றும் அப்பளம் பொரிகிற நேரம்தான். சொல்ல வந்ததைச் சொன்னதும் நிறுத்திவிட வேண்டும். "ஏம்பா, நான் குச்சிய எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது" என்று டிரம்ஸ் வாசிப்பவர் அலுத்துக்கொள்வார்.

கல்யாணத்தன்று அத்தை கூரைப்புடவை மாற்ற உள்ளே போயிருந்தாள். நாதஸ்வரக்காரர்கள் டிபனுக்குப் போன அந்த இடைவெளியில், மணமேடைக்குக் கீழே சித்தப்பாவின் குழு ஆரம்பித்தது. மேடையிலிருந்த தாத்தா வழக்கம்போல வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். அவர் நிமிர்வதற்குள் முதல் பாட்டு முடிந்துவிட்டது. அசடு வழிய மறுபடியும் உட்கார்ந்தார்.

இரண்டாவதைக் கேட்டார். சாக்ஸபோனும் டிரம்ஸும் ஒன்றாக உச்சத்துக்கு ஏறிச் சட்டென்று நின்றன. தாத்தா எதிரிலிருந்த தட்டிலிருந்து ஒரு கை அட்சதையை அள்ளிப் போட்டார். அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த கூட்டம், பழக்க தோஷத்தில் தானும் வீசியது.

"இன்னும் பொண்ணே வரலீங்களே" என்றார் ஐயர்.

மண்டபமே சிரித்தது. "பெரியவரு கெட்டி மேளம்னு நெனச்சிட்டாரு" என்று யாரோ சொல்ல, "ஆமாம்பா, அப்டித்தான் நெனச்சிட்டேன்" என்றார் தாத்தா. சமையற்கட்டில் அவசர அவசரமாக வேறு அரிசிக்கு மஞ்சள் கலந்தார்கள். சித்தப்பா மட்டும் வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் அரிசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்தான். தான் பெற்ற பெண் இன்னும் மேடை ஏறவில்லை என்பது தாத்தாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் போட்ட அட்சதை மாப்பிள்ளை பக்கம் போகாமல், கீழே சித்தப்பாவின் தலையில் விழுந்ததைப் பார்த்தேன். பாவம் தாத்தா, குறி தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.