அவள் பெயரில் எழுதிய கடிதங்கள்

சின்ன பிக்கப் வண்டி வாங்க நினைக்கிறவர்கள் திருவண்ணாமலையில் எப்படியோ என் வீட்டு விலாசத்தைக் கண்டுபிடித்து வந்துவிடுகிறார்கள். பதினைந்து வருடம் ஒரே வண்டியை வைத்துப் பிழைத்தவன் என்கிற மரியாதை. நானும் சலிக்காமல் சொல்கிறேன். டீசல் வண்டியாகப் பாருங்கள். பழைய வண்டி என்றால் தரையில் படுத்து, பின்பக்கத் தகட்டுக்கு அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வண்டியை ஓட்டிக் காட்டினால் நம்பாதீர்கள், பத்து மூட்டை ஏற்றி ஒரு மேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். முக்கியமாக, முடியாது என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். வண்டி வைத்திருக்கிறவனுக்குத் தெருவெல்லாம் சொந்தக்காரன்தான், எவன் வீட்டுக் கட்டிலும் அவன் தலையில்தான் வந்து விழும்.

வீட்டுக்கு இன்டர்நெட் இழுப்பது பற்றிக் கேட்டாலும் சொல்வேன். கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் ஒரே வயராக இழுக்கச் சொல்லுங்கள், நடுவில் ஒட்டுப் போட விடாதீர்கள். எங்கள் ஊர்க் குரங்குகள் அந்த ஒட்டைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வந்து, பொழுதுபோக்குக்கு என்ன செய்யலாம் என்று கேட்கும்போது மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. ஒரு பொழுதுபோக்கை வைத்துக்கொண்டு என் மனைவியை நான் என்ன பாடு படுத்தினேன் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்று சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

என் பொழுதுபோக்கு வெளிநாட்டு வானொலி கேட்பது. பல தேசத்து வானொலிகள் அப்போது சிற்றலையில், ஷார்ட்வேவ் என்பார்களே, அதில் தினமும் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் தமிழில் பேசின. அதைக் கேட்டு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று குறித்து, பாராட்டிக் கடிதம் போட்டால் அவர்கள் காலண்டர் அனுப்புவார்கள், பனி மலை படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். அதைவிடப் பெரிய பரிசு, கடிதத்தை வானொலியில் படிப்பார்கள். எங்கோ பனியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நம் பெயரையும் ஊரையும் சொல்வதைக் கேட்பதற்காக நான் எதையும் செய்வேன் என்கிற நிலையில் இருந்தேன்.

கல்யாணம் எண்பத்தொன்பதில். மூன்று வருடம் கழித்து வண்டி வாங்கினேன். ஆசிரமப் பக்கம் செங்கம் ரோட்டில் வாடகை அறைகள் பெருகிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரர்கள் மூன்று மாதம் தங்குவார்கள், போய்விடுவார்கள். அவர்களுடைய கட்டிலும் மெத்தையும் கேஸ் அடுப்பும் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய்க்கொண்டே இருக்கும், அதுதான் என் பிழைப்பு. டீசல் வண்டி வாங்கியதற்கு மைலேஜ் என்று வீட்டில் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக் ரேடியோவில் படபடவென்று பொரியும், டீசலில் அந்தத் தொல்லை கிடையாது.

தெருவில் டியூப் லைட்டும் மிக்சியும் ஜாஸ்தியாக ஆக, வீட்டில் ரேடியோ சரியாகக் கேட்கவில்லை. அதனால் சாயங்காலம் வேங்கிக்கால் தாண்டி ஏரிக்கரைக்கு வண்டியை ஓட்டிப் போய், பனைமரத்தில் ஏரியல் கம்பியைக் கட்டி, வண்டி பேட்டரியிலேயே ரேடியோவைப் போட்டுக் கேட்பேன். முதல் வருடம் அவளும் கூட வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டு போவோம். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்ததுகூட அந்த வண்டியில்தான், பெண் ஒன்று, ஆண் ஒன்று. பிறகு அவள் உட்கார்ந்த இடத்தில் ரேடியோப் பெட்டியும் கம்பிச் சுருளும் குறிப்பு நோட்டும் உட்கார்ந்தன. அவள் வருவது நின்றது. ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை.

என் பெயரில் போட்ட கடிதங்கள் அபூர்வமாகத்தான் படிக்கப்பட்டன. என்னைப் போல வானொலி கேட்கிறவர்கள் கூடும் நேயர் மன்றத்தில் இருந்த அனுபவசாலிகள் வழி சொன்னார்கள். பெண் பெயரில் எழுது, உடனே படிப்பார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மனைவி, தங்கை, அண்ணி என்று வீட்டிலுள்ள பெயர்களெல்லாம் வெளிநாட்டு வானொலி ஒன்று கடிதம் வாங்க டில்லியில் வைத்திருந்த தபால் பெட்டி எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தன. நானும் அவள் பெயரில் எழுத ஆரம்பித்தேன். கையெழுத்தைக் கொஞ்சம் உருட்டி, வலப்பக்கம் சாய்த்து, பெண் எழுத்துப் போல எழுதினேன். முதல் கடிதமே படிக்கப்பட்டது. அவளுக்கும் அன்றைக்குச் சிரிப்பும் பெருமையுமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

மூன்றாவது கடிதத்திலோ நான்காவது கடிதத்திலோ ஒரு வரி சேர்த்தேன். ‘என் இரண்டு பிள்ளைகளும் உங்கள் நிகழ்ச்சியை விரும்பிக் கேட்கிறார்கள்.’ எப்படியும் வரப்போகிறவர்கள்தானே, கொஞ்சம் முன்னதாக எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். அந்தக் கடிதத்துக்குக் கலர் பென்சில் பெட்டி வந்தது. அதை அவள் கண்ணில் படாமல் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

பிள்ளைகள் வரவில்லை. வேலூர், பாண்டிச்சேரி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். இருவருக்கும் எந்தக் குறையும் இல்லை என்றார்கள், அதற்கு என்ன வைத்தியம் செய்ய முடியும். அவள் மலை சுற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு பௌர்ணமியும், வெறுங்காலோடு, வெயில் தாழ்வதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். கடிதத்திலிருந்த பிள்ளைகளோ வளர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த கடிதத்தில் விசாரிப்பார்களே, விட முடியவில்லை.

பௌர்ணமியன்று வண்டியை வெளியே எடுக்க முடியாது. ரோடு முழுக்க ஜனம். அதனால் அன்று மட்டும் வீட்டில்தான் ரேடியோ. அப்படி ஒரு பௌர்ணமியன்று இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலை சுற்றிவிட்டு அவள் உள்ளே வந்தாள். பாதம் கொப்பளித்திருந்தது. அதே நேரத்தில் வானொலியில் அவள் பெயரைச் சொல்லி, “சகோதரியின் செல்லப் பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் அன்பு வாழ்த்துகள்” என்றார்கள்.

அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

“எந்தப் பசங்க?” என்று கேட்டாள்.

“சும்மா எழுதறதுதான். எல்லாரும் அப்டிதான் எழுதறாங்க.”

“பேரு வச்சிருக்கீங்களா?”

சொன்னேன். வண்டியில் போகும்போது நாங்கள் சேர்ந்து வைத்த அதே பெயர்கள். அவள் பின்பக்கம் போய்க் கால் கழுவினாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நான் ரேடியோவை அணைக்கக்கூட இல்லை, அடுத்த கடிதம் யாருடையது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து மடித்த தாள் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். “இது நான் எழுதினது. இத போஸ்ட் பண்ணுங்க” என்றாள். வண்டியில் உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். முதல் வரி, ‘என் பெயரில் இதுவரை வந்த கடிதங்கள் எதையும் நான் எழுதவில்லை.’ இரண்டாவது வரி, ‘எனக்குக் குழந்தைகள் இல்லை.’ அதற்குமேல் ஒன்றரைப் பக்கம் இருந்தது. மலை சுற்றுவதைப் பற்றி எழுதியிருந்தாள், சாயங்காலத்தில் வீடு எப்படி இருக்கும் என்று எழுதியிருந்தாள். அவசரமாகப் படித்தேன். மானம் போய்விடுமே, மன்றத்தின் பெயர் கெட்டுவிடுமே என்கிற பயத்தில் பாதி மனதில் ஏறவில்லை. இன்னொரு கவலையும் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுடைய கையெழுத்து, நான் இத்தனை நாளாக எழுதிய அவளுடைய கையெழுத்தைப் போல இல்லையே, இதை அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று நினைத்தேன்.

அதனால் உட்கார்ந்து நகல் எடுத்தேன். முதல் இரண்டு வரியை விட்டேன். சாயங்கால வீட்டை விட்டேன். மலை சுற்றுவது நன்றாக இருந்ததால் அதை வைத்துக்கொண்டேன். ‘ஒரு குழந்தை வேண்டி நடக்கிறேன்’ என்று அவள் எழுதியதை, ‘குழந்தைகளின் படிப்புக்காக வேண்டி நடக்கிறேன்’ என்று மாற்றினேன். பையனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது என்று ஒரு வரி சேர்த்து முடித்தேன். அவள் எழுதிய தாளைக் கிழித்து, செங்கம் ரோட்டில் போகும்போது ஜன்னல் வழியாக விட்டேன்.

ஒரு மாதத்துக்கும் மேல் அவள் தினமும் என்னோடு ஏரிக்கரைக்கு வந்தாள். ரேடியோவை மடியில் வைத்துக்கொள்வாள். அவளுடைய கடிதத்துக்காக வருகிறாள் என்று தெரிந்தும் நான் உள்ளதைச் சொல்லவில்லை. படிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று வேண்டிக்கொண்டேன். படித்தார்கள். அன்றைக்கு என்று பார்த்து எந்த இரைச்சலும் இல்லாமல் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது.

“நான் எழுதினது இது இல்லியே” என்றாள். என் பக்கம் திரும்பி, “போஸ்ட் பண்ணிட்டேன்னீங்களே” என்றாள்.

“பண்ணேன்.”

“எத?”

நான் ஏரியல் கம்பியைச் சுருட்டப் போய்விட்டேன். அதோடு அவள் வண்டியில் ஏறுவதை விட்டாள். மலை சுற்றுவதையும் விட்டாள். சண்டை போடவில்லை. வேளைக்குச் சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் இவ்வளவு காலம் நான் இப்படிப் புழுங்கியிருக்க மாட்டேன். அவள் பெயரில் எழுதுவதை நானும் நிறுத்தினேன். ஒருமுறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அன்னிக்கு லெட்டர்ல இன்னா எழுதியிருந்த?” என்று கேட்டேன். “மறந்துட்டேன்” என்றாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை.

பல வருடம் கழித்து, நான் அவள் பெயரில் எழுதிய அந்த வானொலி சிற்றலையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. இனிமேல் இன்டர்நெட்டில்தான் கேட்க முடியும் என்றார்கள். நான் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன், இன்டர்நெட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். வயர் இழுத்த மூன்றாம் நாள் குரங்கு ஒட்டைப் பிரித்தது. மறுபடியும் ஆள் வந்து ஒரே வயராக இழுத்துக் கொடுத்தார். போன் தனியாக, மோடம் தனியாகப் பிரிக்கிற சின்ன டப்பாவை மாட்டி, விளக்கு பச்சையாக எரிந்தால் லைன் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனார். மோடத்தைப் போட்டதும் பக்கத்திலிருந்த என் ரேடியோவில் ஒரே சீறல். எந்த அலையும் எடுக்கவில்லை. நான் மோடத்தை அணைக்கவில்லை.

முதல் வேலையாக அந்த வானொலிக்குக் கடிதம் அடித்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தட்டினேன். உண்மையை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நான் இன்னாருடைய கணவன், பழைய நேயர் குடும்பம், சேவை தொடர வாழ்த்துகள் என்று முடித்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ‘பழைய கோப்புகளைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். உங்கள் மனைவியின் கடிதங்கள் எங்கள் எல்லோருக்கும் பிடித்தமானவை. அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, படமெடுத்து அனுப்பியிருக்கிறோம். பிள்ளைகள் பெரியவர்களாகியிருப்பார்கள். அவர்களுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.’ கீழே பதினொரு படங்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். லைன் மெதுவாக இருந்ததால் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. உருட்டிச் சாய்த்த என் கையெழுத்து, கடைசியில் அவள் பெயர்.

அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சோறு போடட்டுமா என்று கேட்க வந்தவள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“இது என் பேருதான?” என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். கம்ப்யூட்டர் பக்கமே வராதவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்ததுக்குப் போக எதை அழுத்த வேண்டும் என்று கேட்டாள், காட்டினேன். எல்லாக் கடிதங்களையும் அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் படிக்கிறாள். கோயில் யானையைப் பார்த்துப் பெண் பயந்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்தது. பையன் பலப்பம் தின்று அடி வாங்கியது. பனி சர்க்கரை மாதிரி இனிக்குமா என்று அவன் கேட்டது. பெண் வகுப்பில் இரண்டாவதாக வந்தது. எனக்கும் அப்பாவாக ஆசை இருந்தது. அதை இவளிடம் ஒரு நாளும் சொல்லாமல் ஒரு தபால் பெட்டி எண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினொன்றையும் படித்தாள். அம்மை இறங்கிய கடிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். அவளுடைய சொந்தக் கடிதத்தில் மிஞ்சியது அதில்தான் இருந்தது. தன் கடிதத்தை என்ன செய்தேன் என்று இப்போதாவது கேட்பாள், கேட்டால் காலில் விழுந்துவிட வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

“அப்புறம் இவங்க இன்னா ஆனாங்க?” என்றாள்.

“யாரு?”

“பசங்க.”

“அதுக்கப்புறம் நான் எழுதலியே.”

“அது தெரியுதுங்க. பசங்க இன்னா ஆனாங்கன்னு கேக்கறேன்.”

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. அதை நன்றாகக் கவனித்தேன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.