சமையலறையைப் பார்த்த நாற்காலி

எர்மெஸ் பெல்லெய் சமையலறைக் கதவைப் பார்த்துத்தான் உட்காருவார். எந்தச் சாப்பாட்டுக்கடையானாலும் சரி, கடல் தெரிகிற சன்னலோர மேசை காலியாகக் கிடந்தாலும் சரி, அவருக்குக் கதவு தெரிந்தாக வேண்டும். பரிமாறுகிறவர் முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு தட்டோடு வெளியே வருகிற அந்த ஒரு கணத்தில் கடையின் ஜாதகமே தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. "ஆவி நேரா மேல போச்சுன்னா இப்பத்தான் வடிச்சது. ஆவியே இல்லன்னு வை, அது நமக்கு முன்னாடியே வந்து நமக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு" என்பார்.

அடுத்த சோதனை பரிமாறுகிறவருக்கு. "இன்னைக்கு என்ன நல்லா இருக்கு?" என்று கேட்பார். எல்லாமே நன்றாக இருக்கும் என்று பதில் வந்தால் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். பரிமாறுகிறவர் ஒரு தரம் பின்னால் திரும்பிச் சமையலறையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கிளிஞ்சல் வேணாம், மத்தி எடுத்துக்குங்க" என்றால் போதும், அந்தக் கடைக்கு ஆயுசுக்கும் வாடிக்கைக்காரர் ஆகிவிடுவார். வாசலில் சாப்பாட்டைப் படம் பிடித்து மாட்டியிருக்கிற கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். திங்கட்கிழமை மீன் கேட்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை படகு போவதில்லை, மீன் மட்டும் எப்படி வரும் என்பது அவர் கேள்வி.

"எங்க கல்யாண போட்டோவை எடுத்துப் பாருங்க. நான் கேமராவைப் பாக்குறேன், இவரு சமையக்கட்டைப் பாக்குறாரு" என்று அவர் மனைவி ஈரிதே யாரிடமும் சொல்லத் தயங்குவதில்லை. படத்தை நானும் பார்த்திருக்கிறேன். உண்மைதான்.

சஸ்ஸுவோலோவில் ஓடு செய்கிற ஆலையில் முப்பத்து நான்கு வருஷம் தரம் பிரிக்கிற பிரிவில் இருந்தவர் எர்மெஸ். கண் கூசுகிற விளக்குக்குக் கீழே தரை ஓடுகள் வரிசையாக நகர்ந்து வரும். விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்றால் முதல் தரம். கொஞ்சம் மந்தமாக ஒலித்தால் இரண்டாம் தரம். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. அவர்தான் ஓய்வு பெற்றார், விரல் முட்டி பெறவில்லை. தர்பூசணி, கதவு, சுவர், சாப்பாட்டு மேசை என்று கையருகில் வருவதையெல்லாம் தட்டுவார். மருமகனை மட்டும் தட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டார். பார்த்திருந்தால் இரண்டாம் தரம் என்று எழுதியிருப்பார் என்பது ஈரிதேயின் வருத்தம்.

இப்படிப்பட்டவர் ஒரு தெருவில் இருந்தால் தெரு சும்மா இருக்குமா? கோடையில் கடலுக்குப் போகிற எவரும் அவரைக் கேட்காமல் அறை பிடிப்பதில்லை. வருஷா வருஷம் ஏப்ரல் மாதம், விடுதிகள் வெள்ளையடித்துத் திறக்கிற சமயம், மொதெனாவிலிருந்து தனியாக ரயிலேறி ரிமினிக் கடற்கரைப் பக்கம் போவார். ரொட்டியும் மொர்தடெல்லா இறைச்சித் துண்டுகளும் கையில் கட்டிக்கொண்டு போவார். விடுதிக்காரர் கொடுக்கும் காப்பியைக்கூடத் தொடமாட்டார், நாக்கு நன்றி சொல்லப் பழகிவிட்டால் குறை சொல்ல வராதாம். ஒவ்வொரு விடுதியிலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுப்பார். சுவரைத் தட்டுவார். குழாயைத் திறந்து பார்ப்பார். கடற்கரையில் எத்தனையாவது வரிசையில் குடை என்று கேட்பார். முதல் வரிசை ஜம்பத்துக்கு, ஆறாவது வரிசையில் உட்காருவதற்கு வீட்டிலேயே இருக்கலாம், மனுஷன் உட்காருவது மூன்றாவது வரிசை. கடைசியாக ஒரு கேள்வி: ராத்திரி மிச்சம் வைத்த ஒயின் புட்டியில் அறை எண்ணை எழுதி மறுநாள் அதே மேசைக்குக் கொண்டுவருவீர்களா? கல்யாணமான புதிதில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, வேறு அறையின் புட்டி அவர் மேசைக்கு வந்துவிட்டது. அந்த ஊருக்கே அவர் பிறகு போகவில்லை.

தமக்கென்று அவர் தேடியதில்லை. அவருக்கு இருபத்தாறு வருஷமாக ஒரே விடுதி, ஒரே சன்னல், ஒரே மேசை. நான்கு பேர். எர்மெஸ், ஈரிதே, ஈரிதேயின் அண்ணன் லேயார்க்கோ, லேயார்க்கோவின் மனைவி நீவெஸ். எர்மெஸ் கதவைப் பார்த்து உட்காருவார், எதிரில் ஈரிதே. லேயார்க்கோவுக்கு எதிரில் நீவெஸ். நீவெஸ் போன அக்டோபரில் இறந்துபோனார்.

லேயார்க்கோ டிராக்டர் பழுது பார்ப்பவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். மனைவி போன பிறகு அவர் யாரிடமும் அழவில்லை, சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஈரிதே சூடான சாற்றில் இறைச்சி பொதிந்த தொர்தெல்லினி மாவுருண்டைகளைப் போட்டு நான்கு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டார். பழக்கம், வேறென்ன. ஒரு கிண்ணத்தை அவசரமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். லேயார்க்கோ எதிரிலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார், ஓசை வராமல். "வயிறு சரியில்லம்மா" என்றார். அதற்கடுத்த ஞாயிறு டிராக்டர் வேலை வந்தது. அதற்கடுத்த ஞாயிறும். பனிக்காலத்தில் யார் டிராக்டர் ஓட்டுகிறார்கள் என்று எர்மெஸ் கேட்கவில்லை.

எர்மெஸுக்கு மச்சான் என்றால் உயிர். ஆனால் என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். விடை கிடைத்தது தெருமுனைக் காப்பிக்கடையில். சீட்டாட எப்போதும் நான்கு பேர் உட்காருவார்கள். அன்றைக்கு ஒருவர் வரவில்லை. மூன்று பேர் அந்தச் சின்ன வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து அரை மணி நேரம் ஆடிய பிறகுதான், "அட, அதெல்மோ வரலியே" என்று ஒருவர் சொன்னார். எர்மெஸ் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேசையின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். வட்ட மேசையில் ஆள் குறைந்தது தெரியவில்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் அவர் பார்த்த விடுதிகள் பதினான்கு. எந்தக் கட்டிலிலும் படுக்கவில்லை, எந்தக் குழாயையும் திறக்கவில்லை. "சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டுங்க" என்பார். பார்ப்பார். தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். எல்லா ஊரிலும் சதுர மேசை. செவிலியர் உடுப்பு மாதிரி வெள்ளை விரிப்புப் போட்ட சதுர மேசைகள். மூன்றாம் நாள் மத்தியானம், ரயில் பாதைக்குப் பின்புறம், கடலுக்குப் பத்து நிமிட நடையில், செசீரா என்கிற அம்மாள் நடத்துகிற விடுதியில் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கூடம் முழுக்க வட்ட மேசைகள்.

செசீரா அம்மாளுக்கு எர்மெஸின் கீர்த்தி தெரியும். அவர் பின்னால் கையைத் துடைத்துக்கொண்டே நடந்தார். எர்மெஸ் ஒவ்வொரு மேசையாகத் தட்டினார். ஒன்றை ஆட்டிப் பார்த்தார். குனிந்து காலைப் பார்த்தார். மூன்று நாற்காலிகளை ஒரு மேசையைச் சுற்றிப் போட்டு, மூன்றிலும் மாறி மாறி உட்கார்ந்தார். ஏன் என்று சொல்லவில்லை. "ஜூலை, ரெண்டு வாரம், மூணு பேர்" என்றார்.

"ரூமைப் பாக்கலியா அண்ணே?" என்றார் செசீரா அம்மாள்.

"வேணாம்மா. இது போதும்."

வீட்டில் ஈரிதே அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "ரயில் பாதை பக்கத்துலயா? குடை எத்தனையாவது வரிசை?"

"கேக்கல."

"ஒயின் புட்டி?"

"அதுவும் கேக்கல."

ஈரிதே அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காப்பிக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. "எர்மெஸுக்குக் காது மந்தமாயிடுச்சு, இனிமே எதைத் தட்டினாலும் முதல் தரம்தான்" என்றார் அதெல்மோ. எர்மெஸ் சிரித்துக்கொண்டே காப்பியைக் கலக்கினார்.

லேயார்க்கோவைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பழைய விடுதியில்லை என்று சொன்ன பிறகுதான் அரை மனதாகத் தலையை ஆட்டினார். அதற்கும் ஒரு நிபந்தனை. "முதல் நாள் ராத்திரி சாப்பாடு வரைக்கும் இருப்பேன் மாப்ள. எனக்கு ஒத்து வரலன்னா காலையில முதல் ரயிலு. நீயும் தடுக்கக் கூடாது, அவளும் அழக் கூடாது." பெட்டியில் ஒரே ஒரு மாற்றுச் சட்டைதான் வைத்திருந்தார். நீச்சல் உடுப்பு இல்லை. பெட்டியைத் தூக்கியதுமே எர்மெஸுக்குக் கனத்திலேயே அது தெரிந்துவிட்டது.

போய்ச் சேர்ந்த அன்று மாலை ஏழரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. எர்மெஸ் முன்னால் இறங்கி வந்து கூடத்தின் கதவைத் திறந்தார். திறந்தவர் கைப்பிடியை விடவில்லை.

எல்லாம் சதுர மேசைகள். புதுசு. மெருகு வாசனைகூடப் போகவில்லை.

செசீரா அம்மாள் முகமெல்லாம் மலர்ந்து ஓடி வந்தார். "பாத்தீங்களா அண்ணே? நீங்க அன்னைக்கு வந்து தட்டித் தட்டிப் பாத்துட்டு, ஆட்டிப் பாத்துட்டு, மேசையப் பத்தி ஒரு வார்த்த சொல்லாமப் போனீங்க. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. எங்க அத்த காலத்து மேச, ஆடத்தான் செஞ்சுது. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். தட்டிப் பாருங்க, தட்டிப் பாருங்க."

எர்மெஸ் தட்டினார். கணீரென்றுதான் இருந்தது. "முதல் தரம்மா" என்றார். பாவம், அந்த அம்மாளிடம் வேறென்ன சொல்வார்? கடற்கரை முழுக்க அலைந்து தாமே தேர்ந்தெடுத்ததைத் தம் விரல் முட்டியே கெடுத்துவிட்டது. அறையில் அவிழ்க்காமல் கிடக்கும் மச்சானின் பெட்டி கண்ணுக்குள் வந்தது.

அவர் அப்படி நின்ற நேரத்தில் லேயார்க்கோ மேசைக்குப் போய் எந்த நாற்காலி என்று பார்க்காமல் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். அது சமையலறைக் கதவைப் பார்த்த நாற்காலி. ஈரிதே அண்ணனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். வலப்பக்க நாற்காலியிலிருந்தும், தலையைக் கொஞ்சம் சாய்த்தால், கதவு தெரியும். எர்மெஸ் அதன் முதுகில் கை வைத்து இழுத்தார்.

லேயார்க்கோ எதிரிலிருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பரில் பார்த்த அதே பார்வை. கைத்துண்டை மடியில் விரிக்கவில்லை. அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, எழுந்திருக்கப் போகிறவர் பிடிப்பது போல.

எர்மெஸ் இழுத்த நாற்காலியைத் திரும்ப உள்ளே தள்ளினார். மேசையைச் சுற்றி வந்து மச்சானுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். சமையலறைக்கு முழு முதுகு. ஈரிதே கணவரை ஒரு நிமிஷம் பார்த்தார். தன் எதிரில் காலியாக நின்ற நாற்காலியில் கைப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மாப்ள," என்றார் லேயார்க்கோ. "அங்க உக்காந்தா உனக்குக் கதவு தெரியாதே."

"தெரியாட்டி என்ன. உனக்குத் தெரியுதுல்ல. பாத்துச் சொல்லு மச்சான்."

"நான் என்னத்தக் கண்டேன்?"

"ஆவி நேரா போகுதா, சாயுதா, இல்லவே இல்லையா. அவ்வளவுதான். டிராக்டரப் பிரிச்சுப் பூட்டுறவனுக்கு இது தெரியாதா?"

பின்னால் கதவு கிறீச்சிட்டது. காலடி கேட்டது, தட்டு உரசியது, பூண்டும் கிளிஞ்சலும் சேர்ந்து மணத்தன. லேயார்க்கோ கழுத்தை நீட்டினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மூணு தட்டு," என்றார். "நேரா போகுது மாப்ள. நல்லா நேரா போகுது." சொல்லிக்கொண்டே, கதவிலிருந்து கண்ணை எடுக்காமல், கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டார்.

கதவு மறுபடியும் திறந்தது. எர்மெஸின் கழுத்து தானாகப் பின்னால் திரும்பத் தொடங்கியது, பாதியில் நின்றது, மச்சானின் முகத்துக்கே திரும்பி வந்தது.