முட்டை வெந்த ஸ்டெரிலைசர்

அறுபதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் உதவி டாக்டராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் காலை கொடைக்கானலிலிருந்து பஸ் பிடித்து ஒரு பெண் வந்தார். பெயர் லூர்துமேரி. வீடு அட்டுவம்பட்டி, ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. சேலைத் தலைப்பால் தாடையை மூடியிருந்தார். தலைப்பை எடுத்ததும் அறை முழுக்க நாற்றம். எலும்பு வரை சீழ் பிடித்திருந்தது.

"ஒரு பல்லுதாங்க புடுங்கப் போனேன் டாக்டரம்மா. இப்பக் கன்னமே போயிரும் போல கெடக்கு."

"பிடுங்கினவர்கிட்ட மறுபடி காட்டினீங்களா?"

"காட்டுனேங்க. கருவாடு தின்னியான்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்ப அதுதான் காரணம்னு அனுப்பிட்டாரு."

அதே கொடைக்கானல் டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டு, அதே வீக்கத்தோடு எங்களிடம் வந்த மூன்றாவது ஆள் இவர். மூன்று பேரும் கருவாடு தின்றிருக்க வேண்டும்.

லூர்துமேரியை வார்டில் சேர்த்துவிட்டு எங்கள் மேலதிகாரியிடம் போனேன். மாவட்டத்தில் உள்ள தனியார் கிளினிக்குகளை ஆய்வு செய்வதும் அவர் பொறுப்பு. நான் சொன்னதைக் கேட்டு முகம் சுளித்தார்.

"யாரு, ஜெயசீலனா? சீசனுக்கு வர்ற பெரிய மனுஷங்க எல்லாம் அவருகிட்டதான் பல்லு காட்டறாங்க. அவரைப் போயி..."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"சரி, இன்ஸ்பெக்ஷன்னு ஒண்ணு போட்டுருவோம். எனக்கும் கொடைக்கானல் போயி நாளாச்சு. வெள்ளனே கெளம்பிருவோம், நீங்களும் வாங்க."

மறுநாள் ஜீப்பில் ஏறும்போது அவர் கையில் ஸ்வெட்டர், குல்லா, பைனாகுலர் எல்லாம் இருந்தன. ஆய்வுக்கான சாமான் என்று எதுவும் இல்லை. என் பையில் மட்டும் ஒரு புது ஊசி செட்டும் கொஞ்சம் மருந்தும் இருந்தன.

வெல்வெட் திரை

கிளினிக் ஏரியைப் பார்த்த பங்களா. வரவேற்பறையில் வெல்வெட் திரை, ரேடியோ, வெளிநாட்டுப் பத்திரிகைகள், ஜாடி நிறைய ரோஜா. டாக்டர் ஜெயசீலன் டை கட்டிக்கொண்டு வாசலுக்கே வந்து வரவேற்றார். அதிகாரி வரவேற்பறையை மிகக் கவனமாக ஆய்வு செய்தார். சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். ரேடியோவைத் திருகிப் பார்த்தார். கேக்கைத் தின்று பார்த்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார்.

நான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

எச்சில் தொட்டியின் ஓரத்தில் ரத்தப் பஞ்சு காய்ந்து ஒட்டியிருந்தது. எனாமல் ட்ரேயில் கலங்கிய தண்ணீர். அதற்குள் பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸ்கள் ஊறிக்கொண்டிருந்தன. ஒரு ஃபோர்செப்ஸின் இடுக்கில் பழைய சதைத் துணுக்கு. மூலையில் கருவிகளைக் கொதிக்க வைக்கும் ஸ்டெரிலைசர் மட்டும் பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு கோழி முட்டைகள்.

பின்னாலேயே வந்த ஜெயசீலன் அசரவில்லை.

"காலை டிபனுக்கு வெச்சது மேடம். வேற சோலிக்கு அது தேவைப்படறதில்ல. இந்தக் குளிருக்குக் கிருமி உயிரோட இருக்குமா, சொல்லுங்க?"

"பாயிண்ட்!" என்று சிரித்தார் அதிகாரி.

குளிரில் கிருமி சாகாது, தூங்கும். வாய்க்குள் போனால் எழுந்துவிடும் என்றேன். கருவிகளைக் கொதிக்க வைப்பதானாலும் மலையில் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். இங்கே தண்ணீர் வெரசாகக் கொதிக்கும், ஆனால் சூடு குறைவு. அதனால்தான் பருப்பு வேகவே நேரமாகிறது என்று விளக்கினேன்.

"பல்லுலேர்ந்து பருப்புக்கு வந்துட்டீங்களே" என்றார் அதிகாரி. "எழுதுங்க. இடம் சுத்தம். சிகிச்சை திருப்திகரம்."

"நான் பார்த்ததைத்தான் சார் எழுத முடியும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். என்னை ஓரமாக அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினார்.

"சின்னப் பொண்ணு நீங்க. கடலோரத்துல ஒரு டிஸ்பென்சரி ஆளில்லாம கெடக்கு. கரன்ட் கெடையாது, குடிதண்ணி கெடையாது. அங்க போட்டா நல்லாருக்குமா?"

வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை.

பேரிக்காய்

எங்களை வழியனுப்ப ஜெயசீலன் தன் தோட்டத்துப் பேரிக்காய் ஒரு கூடை கொண்டுவந்து வைத்தார். மலைப் பேரிக்காய், கல் மாதிரி. அதிகாரி வராந்தாவில் நின்று ஏரியை ரசித்தபடியே ஒன்றை எடுத்து அழுத்திக் கடித்தார். 'டக்'கென்று ஒரு சத்தம். பேரிக்காய் அப்படியே இருந்தது. அவர் கடைவாய்ப் பல்தான் இரண்டாகப் பிளந்துவிட்டது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜெயசீலனுக்கு வந்த உற்சாகம் சொல்லி முடியாது.

"உள்ள வாங்க சார்! நம்ம கிளினிக் இருக்கும்போது என்ன கவலை? இப்பவே எடுத்துடறேன்."

அதிகாரி திரை வழியாக அந்த எனாமல் ட்ரேயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

"ஜீப்பை எடுய்யா!"

"எங்கிட்டுங்க எடுக்க?" என்றார் டிரைவர். "கீழ மழை பேஞ்சு பாதையில மரம் சாஞ்சு கெடக்காம். வெட்டித் தள்ளப் பொழுது சாஞ்சிரும்."

அதிகாரி கண்ணை மூடித் திறந்தார். குரல் குழைந்து வந்தது.

"அம்மா, நீங்களே எடுத்துருங்க. சாமானெல்லாம் கொதிக்க வைங்க. இங்க தண்ணி சும்மா கொதிக்கிற மாதிரி காட்டும், அதை நம்பாதீங்க. கூடக் கொஞ்ச நேரம் கொதிக்கட்டும்."

முட்டைகளை எடுத்து ஜெயசீலன் கையில் கொடுத்தேன். ஸ்டெரிலைசரைத் தேய்த்துக் கழுவி, கருவிகளையும் தேய்த்துப் போட்டுக் கொதிக்கவிட்டேன். அதிகாரி நோயாளி நாற்காலியில் சாய்ந்து வலியில் முனகிக்கொண்டே, "போதுமா? இன்னுங் கொஞ்சம் வைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"சார், இந்தக் குளிருக்கு..." என்று ஆரம்பித்தார் ஜெயசீலன்.

"நீ வாயை மூடுய்யா!"

என் பையிலிருந்த புது ஊசியால் மரத்துப்போக வைத்துப் பல்லை எடுத்தேன். வேர் பிரிந்து பிரிந்து வந்ததால் நேரமானது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த ஜெயசீலன், "கொதிச்ச ஃபோர்செப்ஸ் கையைச் சுடாதா மேடம்?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே ஆய்வு முடிந்துவிட்டது.

திரும்பும் வழியில் அதிகாரி வாயில் பஞ்சு. அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடலோர டிஸ்பென்சரியைப் பற்றியும் இல்லை. நான் பார்த்தது அத்தனையும் எழுதி மறுநாள் அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் வார்டுகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். லூர்துமேரியின் கட்டில் அருகே போனதும், லூர்துமேரி அதிகாரியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா பாவமே! நீங்களும் அந்தாளுகிட்டயா போயிப் புடுங்குனீங்க?"

அவர் கேலி செய்யவில்லை, மனதார இரங்கினார். வார்டே அதிகாரியைத் திரும்பிப் பார்த்தது. அவர் நேராக அறைக்குத் திரும்பி, என் அறிக்கையில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் சரிசெய்து மறு ஆய்வு முடியும்வரை அங்கே பல் பிடுங்கக் கூடாது என்று உத்தரவு போனது.

லூர்துமேரிக்குத் தாடையில் செத்த எலும்பை எடுக்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார், வேலைக்கும் திரும்பினார். கன்னத்தில் ஒரு குழி மட்டும் நின்றுவிட்டது. ஜெயசீலனுக்கு அதுவும் இல்லை. அடுத்த சீசனில் ஸ்டெரிலைசரில் ஆவி பறக்கக் கிளினிக்கைத் திறந்தார். வாசலில் புதுப் பலகை: 'உயர் அரசு அதிகாரிகள் சிகிச்சை பெற்ற இடம்'. பொய் என்று சொல்லவும் வழியில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கிளினிக்குகளை ஆய்வு செய்தேன். திரையையும் சோபாவையும் பார்க்கவே மாட்டேன். நேராக உள்ளே போவேன். "டாக்டர், நீங்க நாற்காலியில உட்காருங்க. ட்ரேயில இருக்கிறதை எடுத்து உங்க பல்லையே ஒரு தடவை சுத்தம் பண்ணிடறேன்" என்பேன். சிலர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து வாயைத் திறப்பார்கள். அங்கே எனக்கு அதிக வேலை இருக்காது. பலர், "ஒரு நிமிஷம் மேடம், கொதிக்க வெச்சு எடுத்துட்டு வந்துடறேன்" என்பார்கள். அந்த இடத்தில் நான் பேனாவைத் திறப்பேன்.